007 கட்டிய வாட்ச், நம் கைக்கு

ஜேம்ஸ் பாண்ட் படம் பார்த்துவிட்டு வரும்போது சிலருக்குக் கார் நினைவில் நிற்கும், சிலருக்குச் சண்டை. கொஞ்சம் பேருக்கு மட்டும் கோட்டுக் கை நுனியில் எட்டிப் பார்த்த வாட்ச். இந்தக் கொஞ்சம் பேர் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எந்தக் காட்சியில் என்ன மாடல், அதில் என்ன ஸ்டிராப் என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். அப்புறம் அதையோ அதன் சாயலில் வேறொன்றையோ தேடி வாங்கிக் கட்டுவார்கள். பாண்ட் வாட்ச் சேர்ப்பது என்றால் இவ்வளவுதான்.

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "அதெல்லாம் லட்சக்கணக்குல ஆகுமே?" அசல் ரோலெக்ஸ், ஒமேகாதான் வேண்டும் என்றால் ஆகும். ஆனால் பாண்ட் கட்டியவற்றில் பல, அந்தந்தக் காலத்தில் கடைக்குப் போய் வாங்க முடிந்த, ஒரு வேலைக்கென்று செய்த வாட்ச்கள். அந்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் சில ஆயிரங்களிலேயே தொடங்கிவிடலாம். டெல்டாவில் பல வீடுகளில் பீரோவைத் திறந்தால் செலவே இல்லாமலும் தொடங்கலாம். அது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கொஞ்சம் கதை. பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் இருந்தவர். முதல் பாண்ட் நாவல் 1953இல் வந்தது. கதைப்படி பாண்டும் கடற்படைக் கமாண்டர். 1963இல் வந்த நாவல் ஒன்றில் அவர் கையில் இருட்டிலும் எண்கள் தெரிகிற கனமான ரோலெக்ஸ் இருக்கும். ஒரு கட்டத்தில் அதையே கைமுட்டியில் மாட்டிக்கொண்டு எதிராளியைக் குத்துவார். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளெமிங்குக்கு வாட்ச் என்றால் தேவைப்பட்டால் அடிக்கவும் பயன்படும் சாமான்.

சினிமாவில் 1962இல் ஷான் கானரி நடித்த 'டாக்டர் நோ'வில் ரோலெக்ஸ் சப்மரினர் வந்தது. கடலில் மூழ்குகிறவர்களுக்காகச் செய்த வாட்ச் அது. 6538 என்பது அந்த மாடலின் எண். இன்று ஏலத்துக்கு வந்தால் தலைசுற்றும் விலைக்குப் போகும். அகலம் 38 மில்லிமீட்டர்தான். இன்றைய கடை ஜன்னல்களில் 44, 46 என்று தட்டு மாதிரி வாட்ச்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சின்னதாகத்தான் தெரியும். கானரி ஆறடிக்கு மேல் உயரம். அவருக்கு 38 போதுமானதாக இருந்தது. அதே படத்தில் கிரூயன் என்ற கம்பெனியின் மெல்லிசான தங்க நிற வாட்ச்சும் அவர் கையில் வரும். அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

1973இல் ரோஜர் மூர் வந்தார். அவர் கையில் ஹாமில்டன் பல்சர்: முள் கிடையாது, பட்டனை அமுக்கினால் சிவப்பு எல்இடி எண்களில் மணி தெரியும். அப்போது அது எதிர்காலத்திலிருந்து வந்த பொருள். 1977 முதல் 1985 வரை முழுக்க சீகோ ராஜ்ஜியம். ஒரு படத்தில் வாட்ச்சிலிருந்து பஸ் டிக்கெட் மாதிரி செய்தி அச்சாகி வெளியே வரும். உதய்பூரில் எடுத்து 1983இல் வந்த 'ஆக்டோபஸி'யிலும் சீகோதான். நம்ம விஜய் அமிர்தராஜ் கூடவே வருவாரே, அந்தப் படம்.

1995இலிருந்து இன்றுவரை ஒமேகா. ஆடை வடிவமைப்பாளர் லிண்டி ஹெமிங், கடற்படைக்காரன் கையில் கடற்படையினர் கட்டிய பிராண்டே பொருந்தும் என்று சீமாஸ்டரைத் தேர்ந்தெடுத்தார். நீல டயல், அதில் அலை அலையாகக் கோடு. பியர்ஸ் பிராஸ்னன் கட்டிய அந்த முதல் ஒமேகா செல் போட்ட குவார்ட்ஸ் வாட்ச். "செல் வாட்ச்செல்லாம் ஒரு வாட்ச்சா" என்று மூக்கைச் சுளிக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். டேனியல் கிரெய்க் காலத்து ஒமேகாக்களில் 2015 படத்தின் சீமாஸ்டர் 300க்குக் கறுப்பும் சாம்பலும் கலந்த பட்டை ஸ்டிராப். 2021 படத்தில் டைட்டானியம் வாட்ச், சல்லடை போன்ற டைட்டானியம் செயின்.

இப்போது அந்தப் பீரோ விஷயம். பாண்ட் சீகோ கட்டிய ஆண்டுகளையும் நம் ஊர்க் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் கொண்டுவந்தது என்ன? சென்ட், டார்ச் லைட், டேப் ரிக்கார்டர், அப்புறம் சீகோ 5, சிட்டிசன், கேசியோ. மூர் கட்டிய அதே மாடல்கள் இல்லைதான். ஆனால் அதே கம்பெனி, அதே காலம், பல சமயம் அதே தோரணை. மாமாவோ சித்தப்பாவோ கல்யாணத்துக்குக் கட்டிவிட்டுப் பீரோவில் வைத்த அந்த சீகோ, கடையில் இன்று வாங்கும் எந்தப் 'பாண்ட் மாதிரி' வாட்ச்சையும் விட பாண்டுக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பேன்.

அது எந்த வருஷத்து வாட்ச் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சீகோவின் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். நடுவில் கோடு போட்ட எண்ணில் முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் மெஷினின் எண். உதாரணமாக 7009 என்றால் அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக், அதாவது செல் இல்லாமல் கையசைவிலேயே ஓடுவது. இன்னொன்று வரிசை எண். அதன் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். '79' என்று தொடங்கினால் 7இல் முடியும் ஒரு வருஷத்தின் செப்டம்பர், அதாவது 1977 அல்லது 1987. எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண்ணையும் யார் எப்போது கொண்டுவந்தார்கள் என்பதையும் வைத்து முடிவு செய்யலாம். அக்டோபருக்கு 0 போடுவார்கள். நவம்பருக்கும் டிசம்பருக்கும் மாதப் பெயரின் ஆங்கில முதலெழுத்து.

சரி, பீரோவில் ஒன்றும் இல்லை, வாங்கத்தான் வேண்டும் என்றால்? 'பாண்ட் வாட்ச்' என்ற பெயரில் சந்தையில் கிடைப்பது பல தினுசு. படத்தில் வந்த அதே மாடலைத் தேடுவது ஒன்று. பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு. படத்துக்கென்றே கம்பெனி வெளியிடும் சிறப்புப் பதிப்புகள் இன்னொன்று. ஒமேகா அடிக்கடி வெளியிடும். 2015 படத்துக்கு 7007 வாட்ச்கள் மட்டும் செய்தது. ஸ்வாட்ச்கூட 2020இல் பழைய படங்களை வைத்து 007 வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது.

அடுத்தது 'ஹோமேஜ்' எனப்படும் சாயல் வாட்ச். பகானி டிசைன் போன்ற சீனக் கம்பெனிகள் சப்மரினர், சீமாஸ்டர் தோற்றத்தை அப்படியே எடுத்துத் தங்கள் சொந்தப் பெயர் போட்டு விற்கின்றன. பலவற்றின் உள்ளே சீகோ குழுமத்தின் என்எச்35 மெஷின் இருக்கும், உழைக்கும். தப்பில்லை. ஆனால் எனக்கு இது அவ்வளவு பிடிப்பதில்லை. கட்டிய முதல் மாதம் சந்தோஷமாக இருக்கும், அப்புறம் யாராவது கையைப் பிடித்துப் பார்த்து "ஒமேகாவா?" என்று கேட்கும்போதெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ரோலெக்ஸ் என்றே பெயர் போட்டு இரண்டாயிரம் ரூபாய்க்கு 'முதல் காப்பி' என்று விற்பது வேறு சங்கதி. அது போலி. பிராண்டின் பெயரைத் திருடுவது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியும். அதையெல்லாம் விடுங்கள், டயலில் தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பதைக்கூட நம்ப முடியாத பொருளை வைத்து என்ன செய்வது?

நான் புதியவர்களுக்குச் சொல்வது கடைசித் தினுசு: பாண்ட் கட்டியது எந்த வகை என்று பார்த்து, அந்த வகையில் தன் முகத்தோடு இருக்கும் வாட்ச்சை வாங்குங்கள். மூழ்கு வாட்ச் வேண்டுமா? கேசியோ டூரோ இருக்கிறது: 200 மீட்டர் தாங்கும், செல் வாட்ச், சில ஆயிரம்தான். பில் கேட்ஸ் கையிலேயே பார்த்திருக்கிறார்கள். 44 மில்லிமீட்டர் அகலம் என்பதால் ஒல்லிக் கைக்காரர்கள் கட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. கொஞ்சம் மேலே போனால் சீகோவின் மூழ்கு வாட்ச்கள். இதில் ஒரு வேடிக்கை, சீகோ 1996இல் கொண்டுவந்து 2019 வாக்கில் நிறுத்திய எஸ்கேஎக்ஸ்007 என்ற மாடல். பெயரிலேயே 007 இருப்பதால் பாண்ட் கட்டியது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. பாண்ட் அதை எந்தப் படத்திலும் கட்டவில்லை. அது வெறும் மாடல் எண். நல்ல வாட்ச், அது வேறு விஷயம்.

கிரூயன் மாதிரி மெல்லிசான வாட்ச் வேண்டும் என்றால் வெளிநாட்டுக்குப் போகவே வேண்டாம். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை வைத்த கம்பெனி, 2002இல் எட்ஜ் என்ற வாட்ச்சைக் கொண்டுவந்தது. மொத்த கனமே 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் மெஷின் 1.15 மில்லிமீட்டர். வேட்டி சட்டைக்கும் கோட்டுக்கும் ஒரே மாதிரி பொருந்தும். சாவி கொடுக்கும் வாட்ச்சில் ஆசை இருந்தால் எச்எம்டி ஜனதா. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் எச்எம்டி; தாத்தாக்கள் கட்டியதும் அதுதான். மூரின் டிஜிட்டல் தோரணைக்கு, வெள்ளி நிறச் செயின் போட்ட பழைய பாணி கேசியோ.

எதை வாங்கினாலும் கடையில் பார்க்க வேண்டியது அகலத்தை மட்டும் இல்லை. ஸ்டிராப் மாட்டும் மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை உள்ள நீளம் மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அது அடுத்தவர் வாட்ச்சைக் கடன் வாங்கிக் கட்டியது போலத்தான் தெரியும்.

இனி ஸ்டிராப். இந்தப் பொழுதுபோக்கில் குறைந்த செலவில் அதிக சந்தோஷம் இங்கேதான். 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' தொடக்கக் காட்சியில் கானரி நீருக்குள் மூழ்கப் போட்ட உடையைக் கழற்றுவார். உள்ளே வெள்ளைக் கோட்டு. சிகரெட் பற்றவைக்கும்போது வாட்ச்சைப் பார்ப்பார், அப்போது ஸ்டிராப் பளிச்சென்று தெரியும்: கருநீலப் பட்டையில் பச்சைக் கோடு, ஓரத்தில் மெல்லிய சிவப்பு. அதைவிடப் பளிச்சென்று தெரிவது அந்த ஸ்டிராப் வாட்ச்சுக்குச் சின்னது என்பது. 20 மில்லிமீட்டர் இடைவெளியில் அதைவிடக் குறுகலான துணிப்பட்டையை நுழைத்திருக்கிறார்கள். ஸ்டிராப்பைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின் என்ற சின்னக் கம்பி இரண்டு பக்கமும் தெரிகிறது. அவசரத்தில் கிடைத்ததை மாட்டிய மாதிரி. அந்தத் தப்பையே இன்று ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள்.

இதை எல்லோரும் நேட்டோ ஸ்டிராப் என்கிறார்கள். ஆனால் நேட்டோ என்று பெயர் பெற்ற ஸ்டிராப்புக்கு பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை அளவு வகுத்தது 1973இல். அது சாம்பல் நிறம். கானரி கட்டியது அதற்கு ஒன்பது வருஷம் முந்தியது.

நைலான் ஸ்டிராப் நம் வெயிலுக்கு நன்றாக ஒத்துவரும். சித்திரை வெயிலில் தோல் ஸ்டிராப் வியர்வையில் ஊறி நாற ஆரம்பிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூசணம் பூக்கும். நைலானைச் சோப்புப் போட்டு அலசி, ஃபேன் காற்றில் போட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மாற்றுவதும் சுலபம். வாட்ச்சைத் துண்டின் மேல் குப்புற வையுங்கள். செயினுக்கும் காதுக்கும் நடுவில் ஸ்பிரிங் பின்னின் தோள் தெரியும். கவட்டை முனை உள்ள சின்னக் கருவியால் அதை உள்பக்கம் தள்ளினால் செயின் கழன்று வரும். பின் தெறித்து ஓடும், விரலை வைத்துக்கொள்ளுங்கள். செயினை எடுத்தபின் இரண்டு பின்களையும் வெறுமனே திரும்ப மாட்டி, 'டக்' என்று உட்கார்ந்ததா என்று அழுத்திப் பாருங்கள். அப்புறம் நைலான் பட்டையை 12 மணிப் பக்கத்துப் பின்னுக்கு அடியில் நுழைத்து, முதுகு வழியாக இழுத்து, 6 மணிப் பக்கத்துப் பின்னுக்கு அடியில் வெளியே எடுத்தால் முடிந்தது. ஒரு பின் பிய்த்துக்கொண்டாலும் இன்னொரு பின்னில் வாட்ச் தொங்கும், கீழே விழாது. ராணுவத்துக்கு இது பிடித்ததே அதனால்தான். கருவி இல்லையென்றால் பெரிய கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள், "இருபதா இருபத்திரெண்டா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே மாட்டிக் கொடுத்துவிடுவார். அந்த இருபதும் இருபத்திரெண்டும்தான் காதுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில். ஸ்டிராப் வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. சோதனைக் கூடத்தில் அசையாத நீரழுத்தத்தில் தாங்கியது, அவ்வளவுதான். கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், மழைச் சாரல் வரை சரி. நீந்த வேண்டுமானால் 100 மீட்டர் இருக்கட்டும். மூழ்கு வாட்ச் என்று சொல்லிக்கொள்ள ஐஎஸ்ஓ 6425 என்ற தரம் இருக்கிறது. காவிரிப் படித்துறையில் முங்கினாலும், பம்புசெட்டில் தலையைக் கொடுத்து நின்றாலும், 100க்குக் கீழே உள்ள எதையும் கழற்றி வைத்துவிடுங்கள். பம்புசெட் தண்ணீர் விழும் வேகம் சாமானியமில்லை. தரங்கம்பாடி, வேளாங்கண்ணி கடலில் இறங்கினால் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு திருகுக்குள் போய் உட்காரும். பழைய சீகோவில் என்ன எழுதியிருந்தாலும் கணக்கில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் நாற்பது வருஷத்தில் கருகிப்போயிருக்கும்.

மூழ்கு வாட்ச்சின் டயலைச் சுற்றிச் சுழலும் வளையத்தை, அதாவது பெசலை, அலங்காரம் என்று நினைத்துப் பலர் தொடுவதே இல்லை. அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வையுங்கள். அடுத்து எப்போது பார்த்தாலும், நிமிட முள் வளையத்தில் காட்டும் எண்தான் கடந்துபோன நிமிடம். நீருக்கடியில் காற்று எவ்வளவு நேரத்துக்கு மிச்சம் என்று பார்க்க வந்த ஏற்பாடு. இது இடப்பக்கமாக மட்டும் திரும்பும். தவறிப்போய் இடித்துத் திரும்பினாலும் கடந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும். மூழ்கியவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவார், காற்றில்லாமல் மாட்டிக்கொள்ள மாட்டார். நமக்கு மோட்டார் போட்டு எவ்வளவு நேரமாச்சு, இட்லி வைத்துப் பத்து நிமிஷம் ஆச்சா என்று பார்க்க அது போதும். போனை எடுத்தால் அதில் நான்கு வாட்ஸப் வந்து நிற்கும்.

மெஷின் பற்றிச் சுருக்கமாக. செல் வாட்ச்சில் குவார்ட்ஸ் கல் வினாடிக்கு 32,768 முறை அதிரும், நேரம் கிட்டத்தட்ட தப்பாது. ஆட்டோமேட்டிக்கில் உள்ளே ஒரு எடை கையசைவில் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். செல் வேண்டாம், ஆனால் இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும். எஸ்கேஎக்ஸில் இருந்த 7எஸ்26 மெஷினுக்கு சீகோ சொன்ன கணக்கே நாளுக்கு 45 வினாடி கூடலாம், 35 வினாடி குறையலாம் என்பதுதான். "புது வாட்ச், ஒரு வாரத்தில் ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ரயிலைப் பிடிக்கிறவர்களுக்குச் செல் வாட்ச். துடிப்பைக் காதில் வைத்துக் கேட்கிற ஆசாமிகளுக்கு ஆட்டோமேட்டிக்.

பழைய வாட்ச்சை இணையத்தில் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பச்சை, ஆரஞ்சு, மயில் நீலம் என்று புத்தம் புதுசாக மின்னும் டயலோடு 'எழுபதுகளின் சீகோ 5' மலிவாகக் கிடைக்கும். பெரும்பாலும் அவை டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்து, நான்கு வாட்ச்சின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவை. மும்பை ஸ்பெஷல் என்று சேகரிப்பாளர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். லென்ஸ் வைத்து எழுத்துகளைப் பாருங்கள். கம்பெனி அச்சு கூர்மையாக இருக்கும், மறு அச்சு ஓரம் கசிந்திருக்கும். டயலில் கொஞ்சம் பழுப்பும் கீறலும் இருந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. நல்ல சரக்கு எதிர்பாராத இடத்திலும் கிடைக்கும். 1965 படத்துக்காகக் கதிர்வீச்சுமானி போல மாற்றிய பிரெய்ட்லிங் வாட்ச் ஒன்று இங்கிலாந்தில் பழைய சாமான் சந்தையில் 25 பவுண்டுக்குக் கைமாறியது. 2013இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 1,03,875 பவுண்டுக்குப் போனது. நமக்கு அப்படி அடிக்கும் என்று காத்திருக்க வேண்டாம், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

1960களுக்கு முந்தின வாட்ச்களில் இருட்டில் ஒளிர்வதற்கு நிஜமான ரேடியத்தைத்தான் பூசினார்கள். அந்த வயசு வாட்ச் கிடைத்தால் கண்ணாடியைத் திறந்து சுரண்டாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. இன்றைய வாட்ச்களில் பூசுவது கதிர்வீச்சு இல்லாத வேறு பொருள்.

இரண்டு மூன்று வாட்ச் சேர்ந்த பிறகு வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். ஸ்பீக்கர் மேலும் காந்த மூடி உள்ள போன் கவர் பக்கத்திலும் ஆட்டோமேட்டிக்கை வைத்தால் காந்தம் ஏறி நேரம் தாறுமாறாக ஓடும். நல்ல ரிப்பேர் கடையில் ஒரு நிமிஷத்தில் காந்தத்தை எடுத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். செல் தீர்ந்துபோன வாட்ச்சை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பீரோவில் போடாதீர்கள். செல் கசிந்தால் மெஷின் அரித்துப்போகும். புதுச் செல் போட ஆகும் சில்லறைக் காசு எங்கே, புது மெஷின் விலை எங்கே. கட்டப்போவதில்லை என்றால் கடையில் கொடுத்துச் செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள்.